காலிப் பெட்டி எத்தனை கிலோ?

திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் பயணிகள் வரிசைகட்டும் நேரத்தில் செக்-இன் கவுன்டர் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் தெரியும். எடைக் கருவியில் ஏறிய பெட்டி இறங்கி வரும். தரையில் மல்லாக்கத் திறக்கப்படும். முறுக்கு டப்பா மகனின் முதுகுப்பைக்குப் போகும், பாதிப் புடவைகள் அம்மாவின் தோள்பைக்குள் திணிக்கப்படும். ஊறுகாய் பாட்டிலை வாசலில் நிற்கும் மாமாவிடம் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று காவலரிடம் கெஞ்சல் நடக்கும். கூடுதலாக இருந்தது இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவுக்காக இவ்வளவு பாடு. பெட்டியின் சொந்த எடையே ஐந்து கிலோ என்பதை அங்கே யாரும் பேசமாட்டார்கள். வாங்கிய அன்று கடையிலும் பேசியிருக்க மாட்டார்கள்.

கடையில் பேசப்படுவது நிறமும் பூட்டும் வாரன்டியும்தான். சிறிது, நடுத்தரம், பெரிது என்று ஒன்றின் வயிற்றில் ஒன்றாக மூன்று பெட்டி கொண்ட ‘செட்’ எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார்கள். காலியாக இது எத்தனை கிலோ என்று கேட்டுப் பாருங்கள். “லைட் வெயிட்தான் சார், ஒரு விரல்ல தூக்கலாம்” என்று பதில் வரும். எண் வராது. புதுப் பெட்டி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என் கட்சி.

டிக்கெட்டைப் பார்த்துப் பெட்டி

கடைக்குப் போகும் முன் டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது. விமான நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கணக்கு வைக்கின்றன. வளைகுடா, தென்கிழக்கு ஆசியப் பயணங்களில் பெரும்பாலும் மொத்த எடைதான் கணக்கு: 20, 25, 30 கிலோ என்று டிக்கெட்டுக்குத் தக்கபடி. அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்கு உருப்படிக் கணக்கு: இத்தனை பெட்டி, எகானமி வகுப்பில் வழக்கமாக ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள். கூடவே பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் போனால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதே இல்லை. கூடுதல் பணம் கட்டுகிறேன் என்றாலும் நடக்காது. அது, தூக்கும் தொழிலாளியின் முதுகெலும்பைக் காப்பதற்காக வைத்த எல்லை.

இப்போது கணக்குப் போடுவோம். கெட்டி ஓடு கொண்ட பெரிய பெட்டி, அதாவது 75 செ.மீ. உயரமுள்ளது, காலியாகவே நாலு முதல் ஐந்து கிலோ இருக்கும். உள்நாட்டு விமானத்தில் குறைந்த கட்டண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. நாலரைக் கிலோ பெட்டி என்றால் அனுமதியில் பத்தில் மூன்று பங்கு பிளாஸ்டிக்குக்கும் சக்கரத்துக்கும் போயாயிற்று. கைப்பெட்டியில் நிலைமை இன்னும் மோசம். அனுமதி 7 கிலோ. நான்கு சக்கரக் கேபின் பெட்டி ஏறத்தாழ மூன்று கிலோ. மிச்சமுள்ள நாலு கிலோவுக்குள் லேப்டாப், சார்ஜர், மாற்றுத்துணி, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கிய அந்தப் பெட்டியைவிட ஒரு கிலோகூட எடையில்லாத முதுகுப்பை இந்த இடத்தில் உசத்தி.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் அட்டைப்பெட்டியில் சாமான் கட்டி, டேப் சுற்றி, மார்க்கரில் பெயரைப் பெரிதாக எழுதிக் கொண்டுவருவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எடைக் கணக்கில் பார்த்தால் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். அட்டைப்பெட்டி ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ இருக்கும். மிச்சமெல்லாம் பிள்ளைகளுக்கு வாங்கிய பொருள். அட்டை தட்டையாக இருப்பதும் ஒரு வசதி. துபாய் விமான நிலையம் 2017 முதல் ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத மூட்டைகளை ஏற்க மறுக்கிறது. உருண்டையானவை பெல்ட்டில் புரண்டு சிக்கிக்கொள்கின்றன என்பது காரணம்.

பெரிய பெட்டி வாங்கினால் நிறைய வைக்கலாம் என்பது பாதி உண்மை. 75 செ.மீ. பெட்டி ஏறத்தாழ 100 லிட்டர் கொள்ளும். பட்டுப்புடவை, பருப்புப்பொடி, எவர்சில்வர் பாத்திரம், புத்தகம் என்று நம் ஊர் சாமான்களை அதில் அடுக்கினால் பெட்டி நிரம்புவதற்கு வெகு முன்னாலேயே 23 கிலோ வந்துவிடும். ஆனால் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காதே! கவுன்டர் முன்னால் நடக்கும் அந்தத் தரை வைபவத்துக்குப் பாதிக் காரணம் பெட்டியின் பெருவயிறுதான். 23 கிலோவுக்கு 68 செ.மீ. நடுத்தரப் பெட்டி தாராளமாகப் போதும். கம்பளிக் கோட்டு, போர்வை போன்ற பருமனான, கனமில்லாத துணிகள் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் பெரிய பெட்டி. 79, 80 செ.மீ. பெட்டிகளின் கூட்டளவு 158ஐத் தாண்டிவிடும் வாய்ப்பு உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும் அளவு சக்கரத்தைச் சேர்க்காததாகவும் இருக்கலாம். தையல் டேப் ஒன்றைக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் அடியிலிருந்து நீங்களே அளந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகும் அப்பா அம்மாக்களுக்கு வேறொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, அடுத்த விமானத்துக்கு மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. நியூயார்க்கில் இறங்கி டாலஸ் போகிறவர்கள் நியூயார்க்கிலேயே பெல்ட் முன்னால் நின்றாக வேண்டும். இருபது மணி நேரம் பறந்து களைத்து, கால் வீங்கி நிற்கும் அறுபத்தைந்து வயது அம்மா, ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டிலிருந்து 23 கிலோவை இழுத்து இறக்குகிறார். அந்த அரை நிமிடத்தை மனதில் வைத்துப் பெட்டி வாங்குங்கள் என்பேன். மேலே ஒரு பிடி, பக்கவாட்டில் ஒரு பிடி, அடிப்பக்கம் விரல் நுழையும்படி ஒரு பள்ளம் அல்லது பட்டை. இந்த மூன்றும் இருந்தால் இரண்டு கையால் தூக்கலாம். இழுக்கும் தண்டின் பளபளப்பைத் தடவிப் பார்க்கிற நாம் இந்தப் பிடிகளை இழுத்துப் பார்ப்பதே இல்லை. கடையிலேயே பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோ எதையாவது வைக்கச் சொல்லி, பக்கப் பிடியால் தூக்கிப் பாருங்கள். விரலை அறுக்கிறதா, ஆணி ஆடுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

கைப்பெட்டிக்கு வந்த மவுசு

கைப்பெட்டி இவ்வளவு முக்கியமானதற்குப் பின்னால் எண்ணெய் விலை இருக்கிறது. 2008இல் விமான எரிபொருள் விலை உச்சத்துக்குப் போனபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் செக்-இன் பெட்டிக்கே 15 டாலர் என்று கட்டணம் போட்டது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. காசு கட்டுவானேன் என்று மக்கள் எல்லாவற்றையும் கேபினுக்குள் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். தலைக்கு மேல் உள்ள அலமாரி நிரம்பியது. கடைசியில் ஏறியவருக்கும் விமானப் பணிப்பெண்ணுக்கும் வாக்குவாதம் முளைத்தது.

2015 ஜூனில், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா, உலகம் முழுவதற்கும் உகந்த கைப்பெட்டி அளவு என்று 55க்கு 35க்கு 20 செ.மீ. என ஒன்றை அறிவித்தது. மறுநாளே எதிர்ப்பு கிளம்பியது. இருக்கிற பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்களா என்று பயணிகள் கொதித்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் சங்கம் பின்வாங்கிவிட்டது. அதனால் இன்றைக்கும் ஆளுக்கொரு அளவு. இந்திய உள்நாட்டு விமானங்களில் 55க்கு 35க்கு 25 செ.மீ., 7 கிலோ என்பது பரவலான வழக்கம். வெளிநாட்டு நிறுவனங்கள் இரண்டொரு சென்டிமீட்டர் கூட்டியும் குறைத்தும் சொல்லும். பல நிறுவனங்களில் மாறிமாறிப் பறக்கிறவர் இருப்பதிலேயே சிறிய அளவுக்கு வாங்குவது புத்திசாலித்தனம். பெட்டியின் வயிற்றைச் சுற்றி ஓடும் இன்னொரு ஜிப், திறந்தால் நாலைந்து சென்டிமீட்டர் உப்ப வைக்குமே, கேபின் பெட்டியில் அது ஒரு பொறி. ஊர் திரும்பும்போது அதைத் திறக்காமல் இருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

விமானத்தின் வயிற்றில்

செக்-இன் பெட்டி கண்ணை விட்டு மறைந்த பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பொருளில் பெட்டி வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

திருச்சி, மதுரை, கோவையிலிருந்து பறப்பவை பெரும்பாலும் ஏ320, போயிங் 737 வகை விமானங்கள். நடுவில் ஒரே நடைபாதை கொண்டவை. இவற்றில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கன்வேயரில் ஏறி விமானத்தின் வயிற்றுக்குள் போகின்றன. உள்ளே நிமிர்ந்து நிற்க உயரம் கிடையாது. தொழிலாளி மண்டியிட்டபடியே வாங்கி, திருப்பி, சுவரோரமாக அடுக்க வேண்டும். நேரமும் குறைவு. அடியில் போன பெட்டியின் மேல் நாலைந்து பெட்டிகளின் பாரம். எந்தப் பிடி கைக்கு அகப்படுகிறதோ அதைப் பிடித்துத்தான் தள்ளுவார்கள். மூலைதான் முதலில் மோதும். துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ போகும் அகன்ற விமானங்களில் பெட்டிகளை வெளியிலேயே அலுமினியக் கன்டெய்னரில் அடுக்கி மொத்தமாக ஏற்றுவார்கள். அங்கும் பாரம் உண்டு, அலைக்கழிப்பு கொஞ்சம் குறைவு.

இந்த வாழ்க்கைக்கு மூலையும் சக்கரக்குழியும் கெட்டியாக இருக்க வேண்டும். உடல் வளைந்து கொடுக்க வேண்டும். கெட்டி ஓட்டுப் பெட்டிகளில் மூன்று பிளாஸ்டிக் புழங்குகின்றன. விலை குறைந்தவை ஏ.பி.எஸ். ஹெல்மெட் ஓட்டுக்கும் பயன்படும் பொருள்; விறைப்பாக நிற்கும், ஓங்கி அடி விழுந்தால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அதைவிட விலை கூடியது. அழுத்தினால் குழியும், விட்டால் திரும்பும். ஜெர்மனியின் ரிமோவா நிறுவனம் 2000இல் இந்தப் பொருளில் பெட்டி செய்தது; பிறகு உலகமே பின்தொடர்ந்தது. மூன்றாவது பாலிபுரொப்பிலீன், நம் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியின் பொருள். மூன்றிலும் அடர்த்தி குறைந்தது அதுதான். தண்ணீரில் போட்டால் மிதக்கும். லேசான, உழைக்கிற பெட்டி வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான், பார்க்க அவ்வளவு எடுப்பாக இல்லாவிட்டாலும்.

கடையில் சீட்டைப் படிப்பதைவிடக் கட்டைவிரல் நம்பகமானது. பெட்டியின் நடுமுதுகில் அழுத்துங்கள். குழிந்து, உடனே எழுந்தால் சரி. கல்லுமாதிரி நின்றால் அது பலம் இல்லை, விரிசலுக்கு அறிகுறி. ‘பாலி’ என்று மட்டும் போட்டு ஏ.பி.எஸ்ஸையும் பாலிகார்பனேட்டையும் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். நாலு மடங்கு விலையை அச்சடித்துவிட்டு முக்கால் பங்கு தள்ளுபடி தரும் வித்தையும் இந்த வியாபாரத்தில் சகஜம். அடிக்கப்பட்ட விலையை மறந்துவிட்டு, கொடுக்கப்போகும் விலைக்குத் தகுமா என்று மட்டும் பாருங்கள்.

துணிப்பெட்டியை இளக்காரமாக நினைக்க வேண்டாம். நெருக்கினால் ஒடுங்கும், உடையாது, வெளியே பை இருக்கும், மூடியை மட்டும் தூக்கிச் சாமான் எடுக்கலாம். ஓட்டுப் பெட்டி இரண்டு பாதியாகப் பிளந்து விரியும். சின்ன அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அதை விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். துணிக்குப் பகை மழை. நவம்பர் மாதம் சென்னை மீனம்பாக்கத்தில் விமானத்துக்கு வெளியே சரக்கு வண்டியில் பெட்டி நனைகிறபோது ஜிப் ஓரமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே துணிகளை பிளாஸ்டிக் உறையில் போட்டுவைத்தால் தீர்ந்தது.

உருளும் சக்கரம் எந்தத் தெருவில்?

பெட்டிக்குச் சக்கரம் வைக்கும் யோசனைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் பெட்டி நிறுவனம் ஒன்றில் துணைத் தலைவராக இருந்த பெர்னார்டு சாடோ, 1970இல் அரூபா தீவில் விடுமுறை கழித்துவிட்டு இரண்டு கனத்த பெட்டிகளைச் சுமந்து திரும்பியபோது, சுங்கச் சாவடியில் ஒரு தொழிலாளி பெரிய இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் வைத்து லேசாகத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தார். ஊருக்குப் போய்ப் பெட்டியின் அடியில் நான்கு சக்கரத்தை மாட்டி, முன்னால் ஒரு வாரைக் கட்டி இழுத்தார். கடைகள் ஒன்றும் சீந்தவில்லை. ஆம்பிளை பெட்டியை உருட்டிக்கொண்டு போவானா என்பது அன்றைய மனநிலை. கடைசியில் மேசிஸ் கடை வாங்கி விற்றது. 1972இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அந்தப் பெட்டி வளைவில் சாய்ந்து விழும். பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் தண்டும் வைத்தவர் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானி ராபர்ட் பிளாத். ஆண்டு 1987. சக விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும்தான் முதலில் விற்றார். அவர்கள் அதை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த பயணிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். விளம்பரம் இல்லாமலே வியாபாரம் சூடுபிடித்தது.

இன்று கடையில் எங்கு பார்த்தாலும் நான்கு சுழல் சக்கரம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்து வழவழப்பான தரையில் அதற்கு இணை கிடையாது. ஒரு விரல் தள்ளலில் பக்கத்திலேயே நடந்துவரும். ஆனால் நம் பயணம் சாங்கியிலா முடிகிறது? தாம்பரம் மேம்பாலப் படிக்கட்டு, மன்னார்குடி பஸ் ஸ்டாண்டின் ஜல்லி, வீட்டுத் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளம். இங்கெல்லாம் சிறிய சுழல் சக்கரம் மண்ணில் புதையும், கல்லில் சிக்கும், மெல்லிய அச்சு முறியும். ஓடும் ரயிலில் பிடியை விட்டால் தானாகப் பெட்டி நகர்ந்துவிடும். உடலுக்குள் பாதி பதிந்த இரண்டு பெரிய சக்கரங்கள் எந்தத் தரைக்கும் ஈடுகொடுக்கும். விமானத்தில் எறியும்போது முறிவதும் குறைவு. வெளியே துருத்தாததால் உயர அளவில் நாலைந்து செ.மீ. மிச்சமும் ஆகிறது. தோள்வலி உள்ளவர்களுக்கு மட்டும் நான்கு சக்கரம். அதிலும் இரட்டைச் சக்கர வகை. இரண்டானாலும் நான்கானாலும் திருகாணியால் பொருத்தியதா என்று கவிழ்த்துப் பார்க்கவும். ரிவிட் அடித்ததென்றால் ஒரு சக்கரம் போனதும் பெட்டியே போன மாதிரி. சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாரன்டி அட்டை பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்குத்தான் பொறுப்பேற்கும், விமான நிலையத்தில் விழுந்த அடிக்கு அல்ல.

ஜிப், பூட்டு, பேட்டரி

நம்பர் பூட்டைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை. சாதாரணச் சுருள் ஜிப்பைப் பால்பாயின்ட் பேனா முனையால் குத்திப் பிளந்துவிடலாம்; பூட்டிய இழுவைகளை ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டினால் ஜிப் மறுபடியும் மூடிக்கொள்ளும், திருட்டு நடந்ததே தெரியாது. இரட்டை வரிசை ஜிப் இதற்குக் கொஞ்சம் தடை. சட்டமும் கொக்கியும் கொண்ட பெட்டி இன்னும் பாதுகாப்பு, எடை கூடுதல். டி.எஸ்.ஏ. பூட்டு என்பது அமெரிக்கப் பாதுகாப்பு ஊழியர்கள் உடைக்காமல் திறக்கப் பொதுச் சாவி உள்ள பூட்டு. அந்தச் சாவிகளின் படம் ஒரு பத்திரிகையில் வெளியாகி, 2015இல் முப்பரிமாண அச்சில் அடிக்கும் அளவுக்கு இணையத்தில் பரவியது. ஆக, பூட்டு என்பது ஜிப் தானாகத் திறக்காமல் இருக்க மட்டும். நகையும் மருந்தும் சான்றிதழும் கையோடு வரட்டும்.

மொபைல் சார்ஜ் செய்யும் ‘ஸ்மார்ட்’ பெட்டி வாங்கும் ஆசை இருந்தால், பேட்டரியைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். 2018 ஜனவரியில் அமெரிக்க நிறுவனங்கள் கழற்ற முடியாத பேட்டரி கொண்ட பெட்டிகளைத் தடுத்தன. அந்த வகைப் பெட்டியால் பெயர் வாங்கிய புளூஸ்மார்ட் நிறுவனம் சில மாதங்களில் கடையைச் சாத்தியது. பவர் பேங்க் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது. அதே வரிசையில் நம் சமையலறைப் பொருளும் ஒன்று உண்டு: கொப்பரை. எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. எண்ணெய்க்கும் பொடிக்கும் என்று அம்மாக்கள் கட்டிக்கொடுப்பதை ஸ்கேனர் நிறுத்திவிடும்.

வராத பெட்டி, உடைந்த பெட்டி

பெட்டி தொலைவது நாம் பயப்படும் அளவுக்கு நடப்பதில்லை. விமான நிலையத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சீட்டாவின் கணக்குப்படி 2007இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறின. 2023இல் அது 6.9. தவறுபவற்றில் பெரும்பங்கு தாமதமாகி, ஓரிரு நாளில் வந்து சேர்பவை. கடைசிவரை உரிமையாளர் கிடைக்காதவற்றை வாங்கி விற்பதற்கென்றே அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஸ்காட்ஸ்போரோ என்ற சிற்றூரில் 1970 முதல் ஒரு கடை நடக்கிறது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பழைய பயணச் சீட்டுகளைக் கிழித்துவிடுவதும், உள்ளே ஒரு தாளில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் போடுவதும் காசில்லாத காப்பீடு. கறுப்பு நிறம் வாங்காதீர்கள். பெல்ட்டில் வருவதில் பாதி அதுதான்.

சர்வதேசப் பயணத்தில் பெட்டிக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் காப்பு. 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். அது வரம்புதான், கிடைப்பது நீங்கள் காட்டும் நஷ்டத்தைப் பொறுத்தது. அதனால் பெட்டி வாங்கிய பில்லை மொபைலில் படம் பிடித்து வையுங்கள். உடைந்திருந்தால் ஏழு நாளுக்குள், தாமதமானால் கைக்கு வந்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். ஏழு நாள் இருக்கிறதே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். புகார் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போன பெட்டி நல்லபடியாகவே வந்து சேர்ந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். பெல்ட் பக்கத்திலேயே அந்த நிறுவனத்தின் கவுன்டர் இருக்கும். அங்கே எழுதிக் கொடுத்து நகல் வாங்காவிட்டால், அந்த விரிசல் உங்கள் கார் டிக்கியில் விழவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.